பொறுமையைப் பற்றி எங்களிடம் பேசாதீர்கள்

வயது வந்தபின் கிட்டார் கற்கத் தொடங்கும் பெண்ணுக்கு இரண்டு அறிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பொறுமையாக இரு என்பது ஒன்று. ரொம்ப எதிர்பார்க்காதே என்பது இன்னொன்று. கற்றுத்தரும் இளைஞன் சொல்கிறான். கிட்டார் விற்கும் கடைக்காரர் சொல்கிறார். யூடியூபில் தாடி வைத்த வெள்ளைக்காரர் சொல்கிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு அக்காவும் சொல்கிறார். இந்த இரண்டையும் தவிர வேறு எதை எங்களுக்கு யார் சொல்லித்தந்திருக்கிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. பேருந்துக்குப் பொறுமை, ரேஷன் வரிசைக்குப் பொறுமை, கடலுக்குப் போனவன் கரையேறும்வரை பொறுமை, ஏறியவன் குடித்துவிட்டு வந்தால் அதற்கும் பொறுமை. பொறுமையில் முட்டத்துப் பெண்களுக்கு முனைவர் பட்டமே கொடுக்கலாம். எங்களிடம் குறைவாக இருப்பது வேறு.

எனக்கு 44 வயது. பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் பஹ்ரைனில் படகில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் அம்மாவும். மகன் எட்டாம் வகுப்பில் கேட்டான் என்று வாங்கிய கிட்டார் அது. ஆறு மாதம் வாசித்தான், விட்டுவிட்டான். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அதை அலமாரி மேலே ஏற்றிவிட்டுப் போனான். வாங்கும்போது அவனிடம் யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. விட்டபோது ஏன் என்றும் கேட்கவில்லை. நான் அதை இறக்கித் துடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த இரண்டு ஆண்டுகளில் ‘எதுக்கு’ என்ற கேள்வியை நான் எதிர்கொண்ட அளவுக்கு என் வகுப்பில் அல்ஜீப்ராகூட எதிர்கொண்டதில்லை.

கிட்டார் கற்கும்போது வரும் எரிச்சல் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கருவியிலிருந்து வருகிறது. மற்றது வீட்டிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே சருவத்தில் போட்டுக் கலக்கி, உனக்குப் பொறுமை போதாது என்று அதற்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். சாளையும் நெத்திலியும் கலந்து கிடந்தால் எங்கள் கரையில் முதலில் பிரித்துப் போடுவோம், பிறகுதான் விலை பேசுவோம். அதைத்தான் இங்கும் செய்யப்போகிறேன்.

முதலில் கருவி. கிட்டார் வலிக்கிற கருவி. சாதாரண எஃகுக் கம்பிக் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவை ஒட்டிய விசையில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை விரல்நுனியால் அழுத்தும்போது தோல் பள்ளமாகும், சிவக்கும், சில நாளில் உரியும். நாள்தோறும் வாசித்தால் சில வாரங்களில் காய்ப்பு ஏறி வலி அடங்கும். இது எல்லோருக்கும், எல்லா வயதிலும் நடப்பது. ஆனால் பெண்ணின் விரல் வலித்தால் மட்டும் அது விரலின் குணமாகிவிடுகிறது. எனக்கு முதலில் கற்றுத்தந்த இளைஞன் மூன்றாம் வாரமே தீர்ப்பு எழுதிவிட்டான்: “சின்ன வயசுலயே தொடங்கியிருக்கணும் டீச்சர். இப்பம் சும்மா ஒரு டைம்பாஸுக்குன்னா மூணு கார்டு போதும்.” அவனுக்கு வயது இருபத்திரண்டு. மூன்று கார்டு போதும் என்று அவன் தன் தம்பியிடம் சொல்லியிருப்பானா?

பிறகு எஃப் கார்ட். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மேலும் கட்டைபோலப் படுக்கவைத்து அழுத்திக்கொண்டு, மற்ற மூன்று விரல்களை வேறு வேறு இடங்களில் ஊன்ற வேண்டும். பலர் கிட்டாரைக் கட்டிவைப்பது இந்த இடத்தில்தான். அந்தப் பிடி முதல் ஃப்ரெட்டில், கழுத்தின் நுனியில் கம்பி தாங்கி நிற்கும் நட்டை ஒட்டி வருகிறது. அங்கே கம்பி அசையாது, விறைப்பாக நிற்கும். நட் உயரமாக வெட்டப்பட்ட மலிவான கிட்டாராக இருந்தால் யானை பலம் வேண்டும். அதே பிடியை ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடித்தால் பாதி உழைப்புப் போதும். அங்கே பழகிவிட்டு ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கலாம். எனக்கு இதைச் சொல்லித்தர ஒரு வருடம் யாரும் இல்லை. எஃப் வராதவர்களுக்குக் கிட்டார் வராது என்று சொல்லத்தான் ஆள் இருந்தது.

கடைகளில் தொங்கும் கிட்டார்களில் பெரும்பாலானவற்றின் வடிவத்துக்கு டிரெட்நாட் என்று பெயர். 1906இல் பிரிட்டன் கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயர் அது. 1916இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் செய்த பெரிய உடல் கொண்ட கிட்டாருக்கு அந்தப் பெயர் வந்தது. அந்தப் போர்க்கப்பலைச் சேலை கட்டிய மடியில் வைத்துப் பாருங்கள். மேல் விளிம்பு மார்பில் குத்தும். வலது தோள் தூக்கிக்கொண்டே நிற்கும். அரைமணி நேரத்தில் பிடரி கல்லாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் வீட்டுக் கூடத்தில் வாசித்தது பார்லர் என்ற சிற்றுடல் கிட்டார். அது இன்றும் செய்யப்படுகிறது. கேட்டால் “அது சின்னப் பிள்ளைகளுக்குள்ளது” என்று சொல்லிக் கடைக்காரர் போர்க்கப்பலையே எடுத்து நீட்டுகிறார்.

முட்டத்துக்கென்று தனியாக ஒன்று உண்டு: உப்புக்காற்று. புதுக் கம்பி சில வாரத்தில் கறுத்து, துருவேறி, விரலை அரம்போல உரசத் தொடங்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து, உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூட வேண்டும். கலங்கரை விளக்கத்தின் இரும்பையே தின்கிற காற்றுக்கு கிட்டார் கம்பி எம்மாத்திரம்.

இவ்வளவும் கருவியின் கஷ்டம். இதற்கெல்லாம் வழி இருக்கிறது. கனம் குறைந்த கம்பி போடலாம். பாலத்தில் கம்பியைத் தாங்கும் சாடிலைத் தேய்த்துக் கம்பியின் உயரத்தைக் குறைக்கலாம். ஒரு படி இறக்கி ட்யூன் செய்து, தேவைப்பட்டால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டிக்கொள்ளலாம். ஒரு நிமிடத்தில் இரண்டு கார்டுகளுக்கு இடையே எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணி நோட்டில் எழுதலாம். நான் கணக்கு டீச்சர், அந்த நோட்டு எனக்குப் பிடித்துப்போனது. ஈ மைனரிலிருந்து சி-க்குத் தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஒன்பது, இரண்டு மாதம் கழித்து முப்பத்தொன்று. இந்த எண்கள் யாருடைய முகபாவத்தையும் சார்ந்தவை அல்ல. இவற்றில் எதற்கும் பொறுமை என்று பெயர் இல்லை. அறிவு, கருவி, கொஞ்சம் காசு, தினமும் இருபது நிமிடம், அவ்வளவுதான்.

புதிதாகக் கிட்டார் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடத்திய ஆய்வைக் காட்டி 2018இல் ஃபெண்டர் நிறுவனம் அறிவித்தது. முதல்முறை வாங்குகிறவர்களில் 90 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்பதும் அதே நிறுவனத்தார் சொன்ன கணக்குதான். பத்தில் ஒன்பது பேர் விடுகிற ஒரு வேலையைப் பெண் விட்டால் மட்டும் அது பெண்ணின் குணமா? என் மகன் விட்டதை அவனுக்குப் படிப்பு வந்துவிட்டது என்றார்கள்.

இனி வீட்டிலிருந்து வரும் எரிச்சல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸ்சுந்தரி தேவி என்ற பெண், ஓர் ஏட்டின் தாளைச் சமையலறையில் ஒளித்துவைத்து, யாரும் பார்க்காதபோது எடுத்துப் பார்த்து எழுத்துக் கற்றார். அப்போது அவர் பிள்ளை பெற்ற, குடும்பம் நடத்துகிற பெண். பின்னாளில் தன் வரலாற்றையே எழுதினார். அவரைப் பற்றி வாசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது மரியாதை. அடுத்துத் தோன்றியது, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், பொறாமை. எழுத்தை ஒளிந்து கற்கலாம். தப்பாக எழுதினால் கிழித்து அடுப்பில் போடலாம். கிட்டாரை ஒளிந்து கற்க வழியில்லை. என் ஒவ்வொரு தப்பும் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகிறது. மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள் எங்களுடையவை. பெண்ணுக்கு ஓர் அறை வேண்டும் என்று எழுதுகிறவர்கள் அந்த அறைக்குச் சுவர் எவ்வளவு தடிமன் என்று யோசிப்பதில்லை. இசை கற்பவளுக்கு அதுதான் முதல் கேள்வி.

சத்தமாகத் தோற்பது எங்களுக்கு விதிக்கப்படாத ஒன்று. பெண் செய்வது முதல்முறையே சரியாக வரவேண்டும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தப்பாகவேண்டும். குழம்பில் உப்புக் கூடினால் நான்கு பேருக்குத்தான் தெரியும். சி கார்டில் ஐந்தாம் கம்பி கொரகொரத்தால் பத்து வீட்டுக்குத் தெரியும். பஹ்ரைனிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் தெரியும். “கொஞ்சம் பைய வாசி, அம்மைக்குத் தொந்தரவா இருக்கும்” என்கிறார். அம்மாவோ ஒன்றும் சொல்லாமல் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறாள். அதே தெருவில் திருவிழாவுக்கு இளைஞர்கள் டிரம்ஸ் பழகினால் ஊருக்கே அது உற்சாகம்.

நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடங்கள். ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். கழித்தால் 202. அதில் பத்தில் ஒரு பங்குதான் நான் கேட்கும் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்குள் பால்காரர் வருவார், குக்கர் கூவும், பள்ளியிலிருந்து வாட்ஸ்அப் வரும். கை நடுங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். ஒரு வாரம் கழித்து முன்னேற்றமே இல்லையே என்று சோர்ந்துபோவாள். அவளிடம் போய் எதிர்பார்ப்பைக் குறை என்றால்? அவள் எதிர்பார்த்தது ஒரு மூடிய கதவைத்தான்.

‘எதுக்கு’ என்ற கேள்விக்கு வருகிறேன். “டீச்சரே, இது இப்பம் எதுக்கு? கோயில்ல வாசிக்கவா?” கேட்ட அக்கா நல்லவர், கிண்டல் இல்லை. ஆனால் கேள்விக்குள் நிபந்தனை இருக்கிறது. பெண் கற்பது யாருக்காவது பயன்பட வேண்டும். கோயிலுக்கு, பிள்ளைக்கு, பள்ளி ஆண்டு விழாவுக்கு. பெண் பார்க்க வரும் வீட்டில் பாடிக்காட்ட முன்பு பாட்டு கற்பித்தார்கள். கல்யாணம் முடிந்ததும் பாட்டும் முடிந்தது. பயன் முடிந்துவிட்டதே!

கோயிலில் வாசிப்பதுகூட எளிதாக வந்ததல்ல. திருச்சபை இசை பற்றி 1903இல் பத்தாம் பயஸ் திருத்தந்தை வெளியிட்ட ஆணையில், பாடகர் குழு என்பது வழிபாட்டுப் பணி, பெண்கள் அப்பணிக்குத் தகுதியற்றவர்கள், எனவே அவர்களைக் குழுவில் சேர்க்கக் கூடாது, உச்சக்குரல் வேண்டுமென்றால் சிறுவர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. அதே ஆணையில் பியானோவும் முரசும் தடைசெய்யப்பட்டிருந்தன. பெண்ணும் முரசும் ஒரே தாளில்! பெண்களைக் கொண்ட பாடகர் குழுவும் இருக்கலாம் என்று உரோமை எழுதித்தந்தது 1967இல். இன்று எங்கள் கடலோர ஆலயங்களில் நான் பார்த்தவரை பாடுவோரில் பெரும்பகுதி பெண்கள்தான். கீபோர்டிலும் கிட்டாரிலும் டிரம்ஸிலும் பெரும்பாலும் பையன்கள். குரல் உடம்போடு பிறந்தது, அதற்கு யாரும் காசு போடவேண்டாம். கருவிக்குக் காசும் நேரமும் சாவியும் வேண்டும்.

முட்டத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாறையும் சினிமாவும். அந்தச் சினிமாவையே பாருங்கள். ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) படத்தில் ஒரு பெண் பாட்டுக் கற்கப் போகிறாள். கற்பிப்பவர் நாயகனின் அம்மா. பாட்டு என்ன ஆனது என்று படத்துக்குக் கவலையில்லை, அது காதலுக்குப் போகும் வாசல். ‘கடலோரக் கவிதைகள்’ (1986) படத்தில் வளர்ந்த முரடன் ஒருவன் ஒரு டீச்சரிடம் பாடம் கற்கிறான். அவன் தடுமாறுவதை ஊரே ரசித்தது, தமிழ்நாடே ரசித்தது. வயது வந்த ஆண் தப்புத் தப்பாகக் கற்றால் கவிதை. இரண்டு படத்துக்கும் இசை இளையராஜா. அவர் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் பயிலத் தொடங்கியது இருபதுகளில். அவர் உழைப்பின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ‘இந்த வயசுல எதுக்கு’ என்ற வரி அவர் கதையைச் சொல்பவர்கள் யார் வாயிலும் வராது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

பெண்ணியம் படிக்கும் மாணவிகளிடமிருந்து எனக்கு ஒரு மறுப்பு வரும். வந்தும் இருக்கிறது. மீன் விற்கும் பெண்ணுக்குக் கழிப்பறை இல்லை, உங்களுக்குக் கிட்டாரா? 2021 டிசம்பரில் குளச்சலில், நாற்றமடிக்கிறது என்று சொல்லி மீன் விற்கும் முதிய பெண் ஒருவரை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட மாவட்டம் இது. நான் அதை மறக்கவில்லை. என் அம்மாவும் தலையில் சருவம் சுமந்து திங்கள்சந்தைக்கும் தக்கலைக்கும் போய்வந்தவள். ஒருநாள் என் இடதுகை விரல்நுனிகளைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். அங்கே நான்கு காய்ப்புகள். அவள் முகம் மாறியது. “எனக்க கையி காய்ச்சது ஒனக்க கையி காய்க்காம இருக்கதுக்குத்தான் மக்கா” என்றாள்.

அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். அவள் கையிலுள்ள காய்ப்பு பிறருக்காக வந்தது. என் கையிலுள்ளது எனக்காக வந்தது. இந்த வேறுபாட்டை ஆடம்பரம் என்பவர்கள், கடலிலிருந்து வந்த ஆண்கள் மணலில் சீட்டு விளையாடுவதையும், மாலையில் பந்து உதைப்பதையும் ஆடம்பரம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. உழைப்பவனுக்கு ஓய்வு உரிமை. உழைப்பவளுக்கு மட்டும் கழிப்பறை வந்து, பேருந்து வந்து, எல்லாம் வந்தபிறகு, நேரமிருந்தால் பாட்டு. அந்த வரிசையை யார் போட்டது? அம்மா சருவத்தை இறக்கி வைத்தபிறகு அவளுக்கு என்ன பிடிக்கும் என்று வீட்டில் நாங்கள் யாரும் கேட்டதில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எலிசபெத் காட்டன் என்ற பெயரைக் கிட்டார் கற்பவர்கள் சீக்கிரமே கேள்விப்படுவார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக வீட்டுவேலை செய்து சேர்த்த 3.75 டாலரில் கிட்டார் வாங்கினார். இடதுகைக்காரர் என்பதால் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தானாகவே வாசிக்கப் பழகினார். உலக இன்பப் பாட்டு வேண்டாம் என்று சபையார் சொன்னதாலும் கல்யாணம், குழந்தை, வேலை என்று வந்ததாலும் கிட்டாரைக் கீழே வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து, வாஷிங்டனில் சீகர் குடும்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து வாசித்தார். 1958இல் முதல் இசைத்தட்டு வந்தது. தொண்ணூறை எட்டியபின், 1985இல், கிராமி விருது.

இந்தக் கதையை ஊக்கமூட்டும் கதையாக எனக்கு மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். எந்த வயதிலும் முடியும் பார்த்தீர்களா என்று. நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். முதலாவது, அவர் அறுபதில் கற்றவர் அல்ல. சிறுமியாகக் கற்றதை அறுபதில் மீட்டவர். இரண்டாவது, நடுவில் போன பத்தாண்டுகளுக்கு எந்த விருதும் ஈடாகாது. மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. அவர் வேலை செய்த அந்த வீட்டின் எஜமானி ரூத் கிராஃபோர்டு சீகர். இசையமைப்புக்காக 1930இல் குகன்ஹைம் நிதிநல்கை பெற்ற முதல் பெண். கல்யாணத்துக்குப் பின், பிள்ளைகள், பாடம் எடுப்பது, நாட்டுப்பாடல் தொகுப்பது என்று நீண்டகாலம் தன் இசையை எழுதாமலே இருந்தவர். 1953இல், ஐம்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். ஒரே கூரையின் கீழ் இரண்டு பெண்கள். ஒருவர் துணி வெளுக்கிறார், ஒருவர் சம்பளம் கொடுக்கிறார். இருவர் கையிலிருந்தும் இசை இறங்கியிருக்கிறது. இது ஊக்கக் கதையா?

ஆகவே எதிர்பார்ப்பைக் குறைக்கச் சொல்பவர்களிடம் நான் கூட்டப்போகிறேன் என்றுதான் சொல்கிறேன். கருவியிடம் என் எதிர்பார்ப்பு அளவானது, நோட்டில் எண்ணாக இருக்கிறது. இந்த மாதம் எஃப்பிலிருந்து சி-க்கு நிமிடத்துக்குப் பதினைந்து. வராவிட்டால் அடுத்த மாதமும் அதே பதினைந்து. அதில் எனக்கு அவமானமில்லை. வீட்டிடம் என் எதிர்பார்ப்பு பெரியது. இருபது நிமிடம் குக்கரை வேறு யாராவது இறக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் விடுமுறையில் இருக்கும் நாட்களில் அது அவர். கதவைத் தட்டாதிருக்க வேண்டும். நன்றாக வாசிக்கிறாய் என்ற பொய்யும் வேண்டாம், எதுக்கு என்ற கேள்வியும் வேண்டாம். மோசமாக வாசிக்கும் சத்தத்தை, பையன்கள் டிரம்ஸைச் சகிப்பதுபோல், தெரு சகிக்க வேண்டும்.

இப்போது எனக்குக் கற்றுத்தருவது என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த பெண். வயது இருபது. “டீச்சர், கட்டைவிரலை கழுத்துக்குப் பின்னால கொஞ்சம் இறக்குங்க” என்று என் கையைப் பிடித்துத் திருத்துகிறாள். வகுப்பில் நான் அவள் பென்சிலைத் திருத்தியதுபோலவே கண்டிப்பாக. சனிக்கிழமை மாலை நாலரைக்கு நான்கு பேர் கூடுகிறோம். ஒருவர் செவிலியர், ஒருவர் தையல்காரர், ஒருவர் கல்லூரி மாணவி. இரண்டு கிட்டார்தான் இருக்கிறது, முறைவைத்து வாசிக்கிறோம். கம்பிக்கான செலவை நால்வரும் போட்டுக்கொள்கிறோம். கூடுவதற்கு இடம்தான் சிக்கல். ஊரில் ஒரு படிப்பக அறை இருக்கிறது, பெரும்பாலும் கேரம் ஆடுகிறார்கள். சனிக்கிழமை ஒரு மணி நேரம் சாவி தாருங்கள் என்று நால்வரும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தோம். “எதுக்கு?” என்று கேட்டார்கள். ‘மோசமாக வாசிப்பதற்கு’ என்று எழுதி இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறோம்.